புஷ்பக விமானத்தில் பேரக்குழந்தை

இலங்கையில் போர் முடிந்து, புஷ்பக விமானம் அயோத்தியை நோக்கி எழும்பியபோது இராமபிரான் என்ன செய்தார் என்பதை வால்மீகி முனிவர் யுத்த காண்டத்தின் இறுதியில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அருகில் அமர்ந்திருந்த சீதாப்பிராட்டிக்குக் கீழே தெரிந்த ஒவ்வோர் இடத்தையும் காட்டிக்கொண்டே வந்தார். இராவணன் வீழ்ந்த களம், நளன் கட்டிய சேது, விபீஷணன் வந்து சேர்ந்த கடற்கரை, சுக்ரீவனின் கிஷ்கிந்தை, ஜடாயு உயிர்நீத்த ஜனஸ்தானம், இருவரும் வாழ்ந்த பர்ணசாலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். கிஷ்கிந்தை வந்ததும், வானர மகளிரையும் உடன் அழைத்துச் செல்லலாமே என்று பிராட்டி விரும்பினார். விமானம் நின்று அவர்களையும் ஏற்றிக்கொண்டது.

முன்பொரு நாள் அதே வான்வழியில் பிராட்டி கண்ணீரும் கம்பலையுமாகக் கொண்டுசெல்லப்பட்டார். திரும்பும் வழி இனிய பயணமானது விமானத்தின் அழகால் மட்டுமன்று. பக்கத்தில் இருந்தவர் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்ததாலும்தான். நீண்ட வான்பயணத்தில் உடன் வருபவரை மகிழ்விக்கும் வழி எது என்று கேட்டால், ஆதிகாவியம் தரும் விடை இதுவே.

இன்று மயிலாப்பூரிலும் ஸ்ரீரங்கத்திலும் கும்பகோணத்திலும் எத்தனையோ இல்லங்களில் இந்தக் கேள்வி எழுகிறது. மகனும் மகளும் கடல் கடந்து வாழ்கிறார்கள். விடுமுறைக்கு வந்த பேரக்குழந்தையை உடன் அழைத்துச் செல்லும் பொறுப்பு தாத்தா பாட்டியிடம் வருகிறது. அல்லது பெற்றோருடன் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். சென்னையிலிருந்து துபாய்க்கு ஏறத்தாழ 4 மணி நேரம். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம். இடையே காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு முழு நாள் கழிந்துவிடும். ஓடியாடும் குழந்தையை ஒரு நாள் முழுவதும் ஒரே இருக்கையில் எப்படி அமர்த்துவது என்ற கவலை பெரியவர்களின் உறக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. சற்று முன்யோசனை இருந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி தேவையற்றது.

புறப்படுவதற்கு முன்

பெற்றோர் உடன் வராமல் தாத்தா பாட்டி மட்டும் பேரக்குழந்தையை அழைத்துச் செல்வதாயின், தாய் தந்தை இருவரும் கையொப்பமிட்டு நோட்டரி சான்று பெற்ற ஒப்புதல் கடிதம் கையில் இருப்பது அவசியம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலும், அவசரத்தில் மருத்துவம் செய்ய அனுமதிக்கும் கடிதமும் உடன் இருந்தால் குடியேற்றச் சோதனையில் திகைக்க நேராது.

2 வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமன்று, மடியில் வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கென முன்வரிசைச் சுவரில் பொருத்தும் சிறு தொட்டில் பல விமானங்களில் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு. எடை வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். விமானம் குலுங்கி, சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்கும் குழந்தையையும் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அது குழந்தையின் பாதுகாப்புக்காகவே என்பதால் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

கோயிலுக்குச் சென்று அர்ச்சனை செய்துவிட்டு அப்படியே விமான நிலையம் செல்லும் குடும்பங்கள் பல. குழந்தைக்குப் பட்டுப்பாவாடையும் ஜரிகை வேட்டியும் அழகுதான். ஆனால் விமானத்துக்குள் ஏறுமுன் மெல்லிய பருத்தி ஆடையை மாற்றிவிட வேண்டும். உள்ளே குளிர் மிகுதி; ஒரு தடித்த சட்டைக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்தால் தேவைக்கேற்பக் களையலாம், போர்த்தலாம். வெள்ளி அரைஞாண், கொலுசு, தண்டை ஆகியவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் மணி ஒலித்துக் குழந்தை மிரளாது. கைப்பையில் குழந்தைக்கு இரண்டு மாற்றுடைகள் வேண்டும். மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கும் ஒரு மாற்றுடை வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உணவில் ஓர் எச்சரிக்கை

சைவ உணவு மட்டும் உண்ணும் குடும்பங்கள் இங்கே மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். விமான நிறுவனங்கள் சிறப்பு உணவுகளுக்குக் குறியீடுகள் வைத்திருக்கின்றன. அவற்றுள் 'இந்து உணவு' என்பதற்கு எச்.என்.எம்.எல். என்று பெயர். பெயரைக் கண்டு, அது நம் வீட்டுச் சாப்பாடு போன்றதே என்று எண்ணிப் பதிந்துவிடுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சி மட்டும் நீக்கிய அசைவ உணவு. கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ அதில் இருக்கலாம். இந்திய முறையில் சமைத்த சைவ உணவுக்குரிய குறியீடு ஏ.வி.எம்.எல். என்பதாகும். சி.எச்.எம்.எல். எனப்படும் குழந்தைகள் உணவிலும் அசைவம் இருக்கக்கூடும். பேரனுக்கும் சைவ உணவே வேண்டுமெனில் அவன் பெயரிலும் தனியே பதிய வேண்டும். புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாகவேனும் இதைச் செய்வது நலம். சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்பதும் உண்டு. பயணமாகும் முதல் நாள் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் வானில் பட்டினி கிடக்க நேராது.

முதல் நான்கைந்து மணி நேரத்துக்கு, நல்லெண்ணெயும் பருப்புப்பொடியும் தடவிய இட்லியை வெல்ல எதுவும் இல்லை. எஞ்சியதை அமெரிக்க மண் வரை கொண்டுசெல்லாமல் வழியிலேயே தீர்த்துவிட வேண்டும். பழங்களும் அவ்வாறே, அங்கே சுங்கச் சோதனையில் சிக்கலாகும். கைப்பையில் நீர்ப்பொருள் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்ற விதி உண்டு. குழந்தைக்கு வழியில் தேவையான பாலுக்கும் குழந்தை உணவுக்கும் அதில் விலக்களிக்கிறார்கள். சோதனையாளரிடம் முன்கூட்டியே எடுத்துக் காட்டினால் போதும்.

உயரே செல்லச் செல்ல விமானத்தினுள் காற்றழுத்தம் குறைகிறது. 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போன்ற நிலை வரை அது செல்லலாம். அப்போது வயிற்றில் உள்ள காற்று விரிவடையும். எனவே சுண்டல், பட்டாணி, கிழங்கு வகைகளை அன்று தவிர்த்தால் குழந்தைக்கு வயிற்றுப்பொருமல் வராது, தாத்தாவுக்கும் வராது. உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும். தாகம் என்று குழந்தை கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாக நீர் தர வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் போதும்.

காதுவலிக்குக் காரணம்

விமானம் இறங்கும்போது குழந்தைகள் திடீரென வீறிட்டு அழுவதைப் பலர் கண்டிருப்பார்கள். அது பிடிவாதம் அன்று, வலி. நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் ஒரு சிறு குழல் இணைக்கிறது. வெளியே அழுத்தம் மாறும்போது அந்தக் குழல் திறந்து உள்ளேயும் சமப்படுத்த வேண்டும். குழந்தைகளுக்கு அது மிகக் குறுகலாக இருப்பதால் எளிதில் திறப்பதில்லை. எச்சில் விழுங்கினால் திறக்கும். அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் கைக்குழந்தைக்குப் பால் புகட்ட வேண்டும். சற்றே பெரிய குழந்தைக்கு உறிஞ்சுகுழல் வைத்து நீர் தரலாம். கடலைமிட்டாய், கெட்டி மிட்டாய் போன்றவை சிறு குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கும் அபாயம் உடையவை. 4 வயதுக்கு உட்பட்டோருக்கு அவை வேண்டாம்.

விமானம் தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடுகிறது. உறங்கும்போது விழுங்குவது குறைவு. ஆகவே அந்த நேரத்தில் குழந்தையை மெல்ல எழுப்பிவிடுவதே நலம். சளி, காதுவலி இருந்தால் புறப்படுமுன் குழந்தை மருத்துவரைக் கண்டு வர வேண்டும்.

உறக்கத்துக்கு மருந்து வேண்டாம்

சளி மருந்து ஒரு மூடி கொடுத்தால் குழந்தை நிம்மதியாகத் தூங்கும் என்று சொல்வோர் உண்டு. ஜாதிக்காயைச் சற்றே இழைத்துக் கொடுக்கும் வழக்கமும் பழைய வீடுகளில் உண்டு. இரண்டும் வேண்டாம். தூக்கம் தரும் அந்த மருந்துகள் சில குழந்தைகளுக்கு நேர்மாறாக மிகுந்த பரபரப்பை உண்டாக்கும். அளவு சிறிது கூடினாலும் மூச்சைப் பாதிக்கலாம். ஜாதிக்காயும் அளவு மீறினால் நஞ்சு. மருத்துவமனை இல்லாத வானத்தில் அத்தகைய சோதனை கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டுவைப்பதும் ஆகாது என்பது மருத்துவர்கள் வற்புறுத்தும் செய்தி.

உறக்கத்தை அழைக்க வேறு வழி இருக்கிறது. வீட்டில் உறங்குமுன் என்ன நடக்குமோ அதையே அங்கும் செய்ய வேண்டும். முகம் கழுவி, இரவு ஆடை மாற்றி, நெற்றியில் திருநீறோ திருமண்ணோ இட்டு, தினமும் சொல்லும் ஒரு சிறு துதியை மெல்லிய குரலில் சொன்னால், இடம் மாறினாலும் குழந்தைக்கு இரவு வந்துவிட்டது புரியும். பழகிய போர்வையின் வாசனை இருந்தால் இன்னும் நலம்.

பொழுது எப்படிப் போகும்?

இருக்கையின் முன் திரை இருக்கிறது. அதில் கார்ட்டூன் படங்களுக்குக் குறைவில்லை. அதை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. எனினும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது என்றும், 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. உறவினருடன் முகம் பார்த்துப் பேசும் காணொலி அழைப்புக்கு மட்டும் சிறு குழந்தைகளுக்கும் விலக்கு உண்டு. கடல் கடந்த பேரக்குழந்தைகளுக்குத் தாத்தா பாட்டி பெரும்பாலும் அந்தச் சிறு திரையில் தெரியும் இரண்டு முகங்கள்தாம். அந்த முகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து அமர்ந்திருக்கும்போது வேறொரு திரையில் குழந்தையைத் தொலைத்துவிடுவது பெரிய இழப்பு அல்லவா?

நேரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது முதல் உத்தி. சின்னஞ்சிறு பொருள்கள் சிலவற்றைத் தனித்தனியே காகிதத்தில் பொட்டலம் கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பிரிக்கக் கொடுக்கலாம். ஒன்றில் வண்ணப் பென்சில்கள், ஒன்றில் துணிப்பொம்மை, ஒன்றில் வண்ணக் காகிதம் என்று இருந்தால் போதும். விலை ஒரு பொருட்டன்று. அடுத்தது எப்போது என்ற எதிர்பார்ப்பே பாதிப் பொழுதைக் கொண்டுபோய்விடும். ஓசை எழுப்பும் பொம்மைகளும், இருக்கைக்கு அடியில் உருண்டோடும் சோழியும் புளியங்கொட்டையும் வேண்டாம்.

பாட்டியின் கையில் ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் கோலம் பிறந்துவிடும். ஐந்து புள்ளி வைத்து, அதைச் சுற்றி வளைக்கச் சொன்னால் ஆறு வயதுக் குழந்தை ஒரு மணி நேரம் தலை நிமிராது. கைக்குழந்தைக்கு, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களுக்கெல்லாம் சோறு பங்கிட்டு, நண்டுபோல் கைவழியே ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் பழைய விளையாட்டைவிட இனியது ஏது? தாத்தா காகிதக் கப்பல் செய்யலாம். சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டை ஆடலாம். தமிழ் சரியாக வராத குழந்தையும் அந்த விளையாட்டில் பத்துச் சொற்களேனும் கற்றுக்கொண்டுவிடும்.

எல்லாவற்றிலும் மேலானது இராமபிரான் கையாண்ட வழி. விமானம் செல்லும் பாதையைக் காட்டும் வரைபடம் பல விமானங்களின் இருக்கைத் திரையில் உண்டு. அந்த ஒரு திரையைப் பேரனும் தாத்தாவும் சேர்ந்து பார்க்கலாம். சென்னையிலிருந்து துபாய் நோக்கிச் செல்லும் விமானம் பெரும்பாலும் கர்நாடகத்தின் மீது பறந்து அரபிக்கடலை அடைகிறது. துங்கபத்திரைக் கரையிலுள்ள ஹம்பியும் ஆனேகுந்தியும் அந்த வழிக்கு வெகு தொலைவில் இல்லை. கிஷ்கிந்தை என்று மரபு சொல்லும் இடம் அதுதான். வாலி சுக்ரீவன் கதையைத் தொடங்க வேறு வாயில் வேண்டுமா? அரபிக்கடல் வந்ததும், வலப்புறம் வெகுதூரத்தில் கண்ணன் ஆண்ட துவாரகை இருப்பதைச் சொல்லலாம். அடுத்து, அவலை முடிந்துகொண்டு நண்பனைக் காண நடந்தே போன குசேலர் வந்துவிடுவார்.

அப்பால் பூகோளம் முழுவதும் திரையில் உருண்டையாகத் தெரியும்போது, ஒரு பழத்துக்காக மயிலேறி உலகைச் சுற்றி வந்த முருகப்பெருமானின் கதைக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். நில்லாமல் பறந்தால் உலகைச் சுற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்று பேரனைக் கணக்குப் போடச் சொல்லலாம். 44 மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று அவன் கண்டுபிடிப்பான். மயில் எவ்வளவு நேரத்தில் சுற்றியது, அதற்கு வழியில் யார் தண்ணீர் கொடுத்தார்கள், முருகன் சீட் பெல்ட் போட்டுக்கொண்டாரா என்று அவன் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியது தாத்தாவின் பொறுப்பு. கேள்வி கேட்கும் குழந்தைக்கு இருக்கை உறுத்துவதில்லை.

அழுதால் என்ன செய்வது?

இத்தனைக்குப் பிறகும் குழந்தை அழக்கூடும். சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில், "சத்தம் போட்டால் விமானத்திலிருந்து இறக்கி விட்டுவிடுவார்கள்" என்றும், பூச்சாண்டி வருவான் என்றும் மிரட்டுவது பெரியவர்களின் வழக்கம். 35,000 அடி உயரத்தில் அந்த மிரட்டல் குழந்தைக்கு உண்மையாகவே தோன்றும். பயம் அழுகையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. பசியா, குளிரா, காதுவலியா, ஈரமா, களைப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மார்போடு அணைத்து மெதுவாகத் தட்டிக்கொடுத்தால் போதும். பக்கத்தில் இருப்பவரிடம் புன்னகையோடு ஒரு சொல் சொல்லிவைத்தால் அவரும் பெரும்பாலும் துணையாகிவிடுவார்.

சீட் பெல்ட் விளக்கு அணைந்திருக்கும்போது நடைவழியில் கைபிடித்து நடத்திச் செல்லலாம். இதில் முதியவர்களுக்கும் நன்மை உண்டு. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்திருப்பவர்களுக்குக் கால் நரம்பில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. குழந்தைக்காக நடப்பதாக நினைத்துக்கொண்டு தாத்தாவும் பாட்டியும் தங்கள் கால்களைக் காத்துக்கொள்கிறார்கள். நடைவழியிலும் கழிவறையிலும் வெறுங்காலோடு செல்வது மட்டும் ஆகாது.

வழியில் ஒரு மைநாகம்

கடலைத் தாண்டிய அனுமனை இளைப்பாறிச் செல்லும்படி மைநாக மலை நடுக்கடலில் எழுந்து வேண்டியது. அவர் கையால் தொட்டு வணங்கிவிட்டு நில்லாமல் சென்றார். குழந்தைகளுக்கு அந்த அவசரம் வேண்டாம். விமானம் மாறும் ஊரில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்தால், அதைக் கடைகளில் செலவிடாமல் குழந்தையை ஓடவிட வேண்டும். பல பெரிய விமான நிலையங்களில் சிறுவர் விளையாடும் இடம் உண்டு. அங்கே கால்கள் களைத்த குழந்தை அடுத்த விமானத்தில் தானே உறங்கிவிடும்.

சென்று சேர்ந்த பின் பகலும் இரவும் தலைகீழாக இருக்கும். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் நமக்கும் 12 அல்லது 13 மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. நள்ளிரவில் குழந்தை விளையாட எழுந்தால் கடிந்துகொள்ளக் கூடாது; உடற்கடிகாரம் மாற ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதை மெல்ல மாற்றுவது பகல் வெளிச்சம். காலையில் குழந்தையை வெளியே அழைத்துச் சென்று சூரிய பகவானை இருவருமாகக் கும்பிட்டு வந்தால் பக்தியும் ஆயிற்று, மருந்தும் ஆயிற்று.

இறுதியாக ஒன்று. விமானத்தில் சொல்லும் கதைகளில் ஏதேனும் ஒன்றை முடிக்காமல் விட்டுவைப்பது நல்லது. இலங்கையில் அனுமனின் வாலுக்குத் தீ வைத்த இடத்திலோ, குசேலர் அரண்மனை வாயிலில் தயங்கி நின்ற இடத்திலோ நிறுத்திவிடலாம். தாத்தாவும் பாட்டியும் ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் அந்தச் சிறு திரையில் பேரனின் முகம் தோன்றும். வழக்கம்போல் சாப்பிட்டாயா, பள்ளிக்குப் போனாயா என்று கேட்டு முடிந்ததும் பேச எதுவும் இல்லாமல் அது நழுவி ஓடாது. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கும்.